ஸ்ரீநகர் முதல் மணாலி வரை: பனியாறுகளின் ஊடே கேம்பர் வேன் பயணம் - புறப்படும் முன் அறிய வேண்டியவை

புதுடெல்லி: படுக்கை, அடுப்பு, தண்ணீர்த் தொட்டி, சூரிய மின்தகடு ஆகிய அனைத்தையும் சக்கரங்களின் மீதே சுமந்து செல்லும் கேம்பர் வேன் பயணங்கள் இந்தியாவிலும் இப்போது பரவலாகி வருகின்றன. கேரள அரசு 2021-ஆம் ஆண்டு கேரவன் சுற்றுலாவுக்கெனத் தனிக் கொள்கையை அறிவித்தது. ஆனால், இத்தகைய வாகனம் வைத்திருப்போரில் பெரும்பாலானோரின் கனவு கடற்கரையோ தேயிலைத் தோட்டமோ அன்று, இமயமலையே ஆகும். அதிலும் பனியாறு ஒன்றை வாகனத்தின் சன்னல் வழியே பார்த்தபடி காலைத் தேநீர் அருந்த வேண்டும் என்பதே பலரது விருப்பம்.

அந்த விருப்பம் நிறைவேறக்கூடிய சாலை ஒன்று இந்தியாவில் உள்ளது. ஸ்ரீநகரில் தொடங்கி, ஜோஜி லா கணவாயைக் கடந்து கார்கில் சென்று, அங்கிருந்து தெற்கே திரும்பி சுரு பள்ளத்தாக்கு வழியாக ஜன்ஸ்காரை அடைந்து, ஷின்கு லா கணவாய் ஏறி இறங்கி, இமாச்சலப் பிரதேசத்தின் மணாலியில் முடியும் மலைப்பாதை அது. மொத்த நீளம் ஏறக்குறைய 700 கிலோமீட்டர் மட்டுமே. சமவெளியில் ஒரே நாளில் கடக்கக்கூடிய இந்தத் தொலைவுக்கு இங்கே பத்து நாள்கள் ஒதுக்குவது மிகையன்று. அவ்வளவு நாள்கள் ஏன் தேவைப்படுகின்றன என்ற கேள்விக்கான விடையில்தான் இந்தப் பயணத்தின் இன்பமும் ஆபத்தும் ஒருசேர அடங்கியுள்ளன.

பழைய வழியா, புதிய வழியா?

லடாக் என்றதும் பலருக்கும் மணாலி - லே நெடுஞ்சாலையே நினைவுக்கு வரும். பாரலாச்சா லா, லாச்சுலுங் லா, தங்லங் லா என அடுத்தடுத்து உயர்ந்த கணவாய்களைக் கடந்து செல்லும் அச்சாலை புகழ்பெற்றதுதான். எனினும், பனியாறுகளை மிக அருகில் காண விரும்புவோருக்கு ஜன்ஸ்கார் வழியே சிறந்தது. அங்கே பனியாறு தொலைதூரக் காட்சியாக இல்லாமல் சாலைக்கு எதிரிலேயே கிடக்கிறது.

இந்த வழி அண்மைக்காலம் வரை முழுமையானதாக இருக்கவில்லை. கார்கிலில் இருந்து ஜன்ஸ்காரின் தலைமையிடமான பதும் வரை சாலை இருந்தது. அதற்கப்பால் மலைப்பாதையில் நடந்தே செல்ல வேண்டும். பனிக்காலத்தில் கணவாய்கள் மூடிவிட்டால், உறைந்து கிடக்கும் ஜன்ஸ்கார் ஆற்றின் மீது நடந்து வெளியுலகை அடைவதே அப்பகுதி மக்களின் வழக்கம். 'சாதர்' எனப்படும் அந்த உறைபனி நடைபாதை இன்று மலையேற்ற விரும்பிகளின் சாகசப் பயணமாகிவிட்டது. அங்கு வாழ்ந்தவர்களுக்கோ அது மருத்துவமனைக்கும் பள்ளிக்கும் செல்வதற்கான வழி.

எல்லைப்புறச் சாலைகள் அமைப்பு 2024 மார்ச் மாதம் நிம்மு - பதும் - தார்ச்சா சாலையை முழுவதுமாக இணைத்ததாக அறிவித்தது. 298 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தச் சாலையின் பதும் - தார்ச்சா பகுதியே, கார்கிலில் இருந்து வருவோரை மணாலியுடன் இணைக்கிறது. இதே வழியில் ஷின்கு லா கணவாய்க்கு அடியில், சுமார் 15,800 அடி உயரத்தில் 4.1 கிலோமீட்டர் நீளத்துக்கு இரட்டைச் சுரங்கப்பாதை அமைக்கும் பணிக்கான முதல் வெடிப்பை, 2024 ஜூலை 26 அன்று கார்கில் வெற்றியின் 25-ஆவது ஆண்டு நிகழ்ச்சியின்போது டிராஸில் இருந்து பிரதமர் நரேந்திர மோடி காணொலி வாயிலாகத் தொடங்கி வைத்தார். அது முடிவடைந்த பிறகு கணவாயின் உச்சிக்கு ஏற வேண்டிய தேவை பெருமளவு குறையும். இப்போதைக்கு, ஏறியே ஆக வேண்டும்.

எந்தத் திசையில் இருந்து தொடங்குவது?

பயணத் திட்டத்தில் முதலில் தீர்மானிக்க வேண்டியது இதுதான். டெல்லியில் இருந்து செல்வோர் மணாலியில் தொடங்குவதே எளிது என்று எண்ணுவது இயல்பு. உடலைப் பொருத்தவரை அது தவறான முடிவு.

மணாலி கடல் மட்டத்தில் இருந்து சுமார் 2,050 மீட்டர் உயரத்தில் உள்ளது. அங்கிருந்து அடல் சுரங்கப்பாதை வழியாகச் சென்றால் அன்றைய தினமே 3,200 மீட்டர் உயரத்திலுள்ள ஜிஸ்பாவை அடைந்துவிடலாம். மறுநாள் ஷின்கு லா. அதன் உயரம் 5,000 மீட்டரைத் தாண்டுகிறது. அதைக் கடந்து இறங்கினால் வரும் முதல் ஊர்களில் ஒன்றான கர்க்யாக் 4,000 மீட்டருக்கு மேல் உள்ளது. அதாவது இரண்டு நாள் இடைவெளியில் உறங்கும் உயரம் இருமடங்காகிறது.

ஸ்ரீநகரில் இருந்து தொடங்கினால் நிலைமை வேறு. ஸ்ரீநகர் சுமார் 1,600 மீட்டர். சோனாமார்க் 2,700 மீட்டரைச் சற்றுத் தாண்டும். ஜோஜி லா 3,500 மீட்டர் அளவில் இருந்தாலும் அதைக் கடந்தபின் சாலை மீண்டும் இறங்கி, 2,700 மீட்டருக்குச் சற்றுக் குறைவான கார்கிலை அடைகிறது. அதன்பின் சுரு பள்ளத்தாக்கு படிப்படியாகவே உயர்கிறது. ஷின்கு லாவை எட்டும்போது பயணி ஒரு வாரத்துக்கு மேலாக மலையில் இருந்திருப்பார். கணவாயைக் கடந்த அன்றிரவே 3,300 மீட்டர் அளவிலுள்ள தார்ச்சாவுக்கோ ஜிஸ்பாவுக்கோ இறங்கிவிடவும் முடியும்.

3,000 மீட்டருக்கு மேல் சென்றபின், இரவு உறங்கும் இடத்தின் உயரத்தை நாளொன்றுக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக்கூடாது, மூன்று நான்கு நாள்களுக்கு ஒருமுறை அதே உயரத்தில் ஒருநாள் தங்க வேண்டும் என்பது மலை மருத்துவத்தின் பொதுவான பரிந்துரை. கவனிக்க வேண்டிய சொல் 'உறங்கும் இடம்' என்பதே. பகலில் ஓர் உயர்ந்த கணவாயைக் கடந்து இறங்குவதை உடல் பெரும்பாலும் தாங்கிக்கொள்ளும். அதே உயரத்தில் படுத்து உறங்குவதைத் தாங்காது. உறக்கத்தில் மூச்சின் வேகம் குறையும்போது இரத்தத்தில் ஆக்ஸிஜன் அளவு மேலும் சரிகிறது.

விடுதியில் தங்குவோருக்கு இந்த விதி ஓரளவு தானாகவே கைகூடும். விடுதிகள் ஊர்களில் இருக்கின்றன. ஊர்கள் பொதுவாகப் பள்ளத்தாக்கில் இருக்கின்றன. கேம்பர் வேனுக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. அழகாகத் தோன்றும் எந்த இடத்திலும் நிறுத்தி உறங்கலாம் என்பதுதானே அதன் கவர்ச்சி. மலையில் மிக அழகான இடம் பெரும்பாலும் மிக உயரமான இடமாகவே இருந்துவிடுகிறது. எனவே, இந்தச் சாலையில் வேனை இரவு எங்கே நிறுத்துவது என்பது காட்சியைப் பார்த்து எடுக்கும் முடிவன்று. உயரமானியைப் பார்த்து எடுக்க வேண்டிய முடிவு.

உடல் சொல்லும் எச்சரிக்கைகள்

5,000 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் உள்ளதில் பாதியைச் சற்றே தாண்டும். காற்றில் ஆக்ஸிஜனின் விகிதம் எங்கும் ஏறக்குறைய 21 சதவீதம்தான். ஆனால் காற்றே அடர்த்தி குறைந்திருப்பதால் ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்ஸிஜன் ஏறத்தாழப் பாதியாகிவிடுகிறது. கடைகளில் வாங்கிய சிப்ஸ் பொட்டலங்கள் வேனுக்குள் பந்துபோல் உப்பி நிற்பதைக் கண்டால் வெளியே என்ன நடக்கிறது என்பது விளங்கும்.

தலைவலி, குமட்டல், பசியின்மை, உறக்கமின்மை ஆகியவை மலைநோயின் தொடக்க அறிகுறிகள். இந்நிலையில் மேலும் ஏறாமல் அதே உயரத்தில் தங்கினால் பெரும்பாலானோருக்கு ஓரிரு நாள்களில் சரியாகிவிடும். ஓய்வாக இருக்கும்போதே மூச்சு வாங்குவது, இருமலுடன் நுரை வெளிவருவது ஆகியவை நுரையீரலில் நீர் கோப்பதைக் குறிப்பவை. நேர்க்கோட்டில் நடக்க முடியாமல் தள்ளாடுவது, பேச்சில் குழப்பம் ஆகியவை மூளை வீக்கத்தின் அடையாளங்கள். இவ்விரு நிலைகளிலும் விடியும் வரை காத்திருப்பது உயிருக்கே ஆபத்தாகலாம். உடனடியாகக் கீழே இறங்குவதே முதன்மையான சிகிச்சை. ஆகவே, வேனை ஓட்டத் தெரிந்தவர் குறைந்தது இருவராவது இருப்பது நல்லது. ஓட்டுநருக்கே உடல்நலம் குன்றினால் வண்டியும் அங்கேயே நின்றுவிடும்.

கார்கில், பதும், கீலாங் ஆகிய இடங்களில் அரசு மருத்துவமனைகள் உள்ளன. இடைப்பட்ட நீண்ட பகுதிகளில் அவ்வாறு எதையும் எதிர்பார்க்க இயலாது. அசெட்டசோலமைடு மாத்திரையைப் பலரும் தாமாகவே வாங்கி உட்கொள்கின்றனர். சல்ஃபா வகை மருந்துகளுக்கு ஒவ்வாமை உள்ளவர்களும் வேறு நோய்களுக்கு மருந்து உட்கொள்பவர்களும் மருத்துவரைக் கலந்தாலோசிக்காமல் அதைத் தொடக்கூடாது. இதய, நுரையீரல் நோயாளிகளும் கர்ப்பிணிகளும் பயணத்தையே மருத்துவரின் ஒப்புதலுக்குப் பிறகுதான் திட்டமிட வேண்டும்.

சுருவில் இருந்து பென்சி லா வரை

ஜோஜி லாவைப் பற்றி நீண்ட விளக்கம் தேவையில்லை. சோனாமார்க்குக்கு முன்னுள்ள 6.5 கிலோமீட்டர் சுரங்கப்பாதை 2025 ஜனவரி 13 அன்று திறக்கப்பட்டது. ஜோஜி லாவைத் துளைத்துச் செல்லும் 13 கிலோமீட்டர் நீளச் சுரங்கப்பாதையின் பணி நடைபெற்று வந்தது. பழைய கணவாய்ச் சாலையில் செல்ல நேர்ந்தால், குறிப்பிட்ட நேரங்களில் ஒரு திசையில் மட்டுமே வாகனங்கள் அனுமதிக்கப்படுவதுண்டு என்பதால் போக்குவரத்துக் காவல்துறையின் அன்றாட அறிவிப்பைப் பார்த்துச் செல்ல வேண்டும். கடுங்குளிருக்குப் பெயர்பெற்ற டிராஸையும் அங்குள்ள போர் நினைவிடத்தையும் கடந்தால் கார்கில்.

கார்கிலுக்குத் தெற்கே சங்கூ, பனிகர் ஆகிய ஊர்களைத் தொடும் வரை சுரு பள்ளத்தாக்கு பசுமையானது. பார்லி வயல்களும் நெட்டிலிங்கம்போல் நிமிர்ந்த பாப்ளர் மரங்களும் நீர்க்கால்வாய்களும் நிறைந்த அப்பகுதியில் வானத்தில் திடீரென நுன், குன் என்ற இரு சிகரங்கள் எழுகின்றன. நுன் 7,135 மீட்டர். குன் 7,077 மீட்டர். இந்த மலைத்தொகுதியில் இருந்து வழிந்து இறங்கும் பர்காசிக் பனியாறு சுரு ஆற்றின் கரையை நெருங்கி வந்து நிற்கிறது. சாலையில் இருந்தபடியே அதன் வெடிப்புகளைக் காணலாம்.

இங்கே ஒரு சொல்லைப் பற்றிக் கூறியாக வேண்டும். செய்திகளில் 'பனிப்பாறை' என்ற ஒரே சொல், கடலில் மிதக்கும் பனிக்கட்டிக்கும் மலையில் கிடக்கும் பனித்திரளுக்கும் சேர்த்தே வழங்கப்படுகிறது. மலையில் இருப்பது பாறையைப்போல் அசையாமல் கிடப்பதன்று. ஆண்டுதோறும் விழும் பனி அடுக்கடுக்காக அழுந்திக் கட்டியாகி, தன் எடையாலேயே சரிவில் மெல்ல நகர்கிறது. 'பனியாறு' என்பதே அதற்குப் பொருந்தும். பென்சி லாவில் நின்று பார்ப்பவருக்கு இந்தச் சொல்லின் பொருத்தம் விளக்காமலே விளங்கும்.

சுமார் 4,400 மீட்டர் உயரமுள்ள பென்சி லா, சுரு பள்ளத்தாக்கையும் ஜன்ஸ்காரையும் பிரிக்கும் வரப்பு. அதைக் கடந்து சாலை வளையும் இடத்தில் டிராங் டிருங் பனியாறு முழுமையாகக் கண்ணில் படுகிறது. சுமார் 23 கிலோமீட்டர் நீளமுள்ள அது, மலைகளுக்கு நடுவே பெரும் நெடுஞ்சாலைபோல் வளைந்து இறங்குகிறது. அதன் முதுகில் நீளவாக்கில் கருங்கோடுகள் ஓடுகின்றன. அவை அழுக்கன்று. இரு கிளைகள் ஒன்றுசேரும்போது, இருபுறச் சரிவுகளில் இருந்து உதிர்ந்த கற்களும் மண்ணும் நடுவில் சிக்கி, பனியுடன் சேர்ந்தே கீழ்நோக்கிப் பயணிக்கின்றன. பனியாறு நகர்கிறது என்பதற்கு அக்கோடுகளே சாட்சி.

முனையில் பனி உருகித் தேங்கிய ஏரி ஒன்று உள்ளது. பனியாறு பின்வாங்கப் பின்வாங்க அந்த ஏரி விரிந்து வருகிறது. அதில் இருந்து புறப்படும் ஸ்டோட் ஆறு, பதும் அருகே சாரப் ஆற்றுடன் கலந்து ஜன்ஸ்கார் ஆறாகி, நிம்முவில் சிந்துவில் சேர்கிறது.

வேனை நிறுத்தி இரவைக் கழிக்க இதைவிடச் சிறந்த இடம் இருக்க முடியாது என்று எவருக்கும் தோன்றும். ஆனால், பனிகரில் இருந்து ஒரே நாளில் ஏறி வந்தவர் அங்கே உறங்கினால் உயரம் ஒரேயடியாக 1,000 மீட்டருக்கு மேல் கூடிவிடும். இரு வழிகள் உள்ளன. பனிகரில் இரண்டு இரவுகள் தங்கி, அடுத்து 4,000 மீட்டரை ஒட்டிய ரங்தும் சமவெளியில் ஓர் இரவு தங்கிச் செல்வது ஒன்று. பென்சி லாவில் போதிய நேரம் நின்று பார்த்துவிட்டு, மாலைக்குள் பதும் நோக்கி இறங்கிவிடுவது மற்றொன்று. இரண்டாவது வழியில் நீண்ட நேரம் வண்டி ஓட்ட வேண்டியிருக்கும் என்பதால் விடியற்காலையிலேயே புறப்படுவது கட்டாயம்.

பிற்பகலில் பெருகும் ஓடைகள்

விடியற்காலைப் பயணத்துக்கு மற்றொரு காரணமும் உண்டு. இச்சாலையில் பல இடங்களில் மலையோடைகள் சாலையின் குறுக்கே பாய்கின்றன. 'நாலா' என்று அங்கே அழைக்கப்படும் இவற்றின் நீர் மழையால் மட்டும் வருவதன்று. பனி உருகி வருவது. இரவுக் குளிரில் உருகுதல் ஏறக்குறைய நின்றுவிடுவதால் காலையில் முழங்காலுக்கும் கீழே ஓடும் நீர், வெயிலேறி உருகிய பனி மேலிருந்து வந்து சேரும் பிற்பகலில் பாறைகளை உருட்டும் அளவுக்கு வலுப்பெறும். வானம் எவ்வளவு தெளிவாக இருக்கிறதோ அவ்வளவு நீர் பெருகும் என்பது சமவெளியில் இருந்து வருவோர் எளிதில் நம்ப மறுக்கும் உண்மை.

கேம்பர் வேன் சாதாரணக் காரைவிட நீளமானது, எடை மிகுந்தது, பின்புறம் தாழ்ந்தது. கழிவுநீர்த் தொட்டி பெரும்பாலும் அடிப்பகுதியில்தான் பொருத்தப்பட்டிருக்கும். ஓடையின் கற்களில் முதலில் அடிபடுவது அதுவே. எனவே, நீரில் இறங்கும் முன் முன்னே செல்லும் உள்ளூர் லாரி எந்த வழியில் கடக்கிறது என்று பார்த்து அதே தடத்தில் செல்வது பாதுகாப்பானது. பிற்பகல் கடந்துவிட்டால், மறுநாள் காலை வரை இக்கரையிலேயே காத்திருக்கலாம். படுக்கையும் அடுப்பும் உடன் இருப்பதன் உண்மையான பயன் இத்தகைய வேளைகளில்தான் தெரியும்.

இந்த மலைகளில் ஆறு எவ்வளவு விரைவில் குணம் மாறும் என்பதற்கு ஒரு நிகழ்வு உண்டு. 2014 டிசம்பர் இறுதியில் புக்தல் பகுதியில் பெரும் மலைச்சரிவு ஏற்பட்டு ஆற்றை அடைத்தது. பல மாதங்களாகத் தேங்கிய நீர் 2015 மே 7 அன்று அணையை உடைத்துக்கொண்டு பாய்ந்ததில் கீழுள்ள பாலங்கள் அடித்துச் செல்லப்பட்டன. பதுமில் இருந்து புர்னே நோக்கிச் செல்லும் இன்றைய சாலை அதே பள்ளத்தாக்கில்தான் செல்கிறது. ஆற்றங்கரை மணல்திட்டு எவ்வளவு சமதளமாக இருந்தாலும் அங்கே வேனை நிறுத்தி உறங்கலாகாது.

குளிரில் வண்டியும் சமையலும்

உயரம் மனிதரை மட்டுமின்றி இயந்திரங்களையும் பாதிக்கிறது. டர்போ பொருத்தப்பட்ட டீசல் எஞ்சின்கள் ஓரளவு தாங்கும் என்றாலும் முழுச் சுமையுடன் ஷின்கு லா ஏறும்போது வேகத்தை எதிர்பார்க்கக்கூடாது. இறக்கத்தில் பிரேக்கை மிதித்தபடியே வந்தால் அது சூடேறிப் பிடிமானத்தை இழக்கும். குறைந்த கியரில் எஞ்சினின் தடையைப் பயன்படுத்தியே இறங்க வேண்டும்.

வேனுக்குள் பொருத்தப்படும் சிறிய டீசல் ஹீட்டர்களுக்கும் இதே ஆக்ஸிஜன் குறைபாடுதான். உயரத்துக்கு ஏற்ப எரிபொருள் அளவைக் குறைக்கும் வசதி இல்லாதவற்றில் டீசல் முழுமையாக எரியாமல் கரி படிந்து, தேவைப்படும் நேரத்தில் அவை நின்றுவிடும். அப்போது பலர் கேஸ் அடுப்பைப் பற்றவைத்துக் குளிர் காய முயல்கின்றனர். மூடிய வேனுக்குள் இதைவிடக் கொடிய செயல் வேறில்லை. முழுமையாக எரியாத எரிவாயு கார்பன் மோனாக்சைடை வெளியிடும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. அது தரும் தலைவலியும் குமட்டலும் மலைநோயின் அறிகுறிகளைப் போலவே இருப்பதால், உயரத்தால் வந்தது என்று எண்ணி உறங்கிவிடும் வாய்ப்பு அதிகம். கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கிறது. அது இல்லாத வேனில் எந்த வகை ஹீட்டருடனும் உறங்கலாகாது. உறங்கும் இடத்தில் அடுப்பை எரியவிடுவதோ எந்நிலையிலும் கூடாது.

லித்தியம் மின்கலங்களைப் பொருத்தியவர்கள் மற்றொன்றைக் கவனிக்க வேண்டும். மின்கலத்தின் வெப்பநிலை பூஜ்யம் டிகிரி செல்சியஸுக்குக் கீழே இருக்கும்போது மின்னேற்றினால் அது நிரந்தரமாகப் பழுதடையும். காலை வெயில் பட்டதுமே சூரிய மின்தகடு மின்னேற்றத் தொடங்கிவிடும் என்பதால், தாழ்வெப்பத் தடுப்பு வசதியுள்ள மின்கலமா என்பதை முன்பே உறுதிசெய்துகொள்ள வேண்டும். செப்டம்பர் இறுதியில் தண்ணீர்க் குழாய்களும் இரவில் உறையத் தொடங்கும்.

4,000 மீட்டர் உயரத்தில் தண்ணீர் ஏறக்குறைய 87 டிகிரியிலேயே கொதித்துவிடும். எவ்வளவு நேரம் கொதித்தாலும் அதற்கு மேல் சூடேறாது. ஆகவே திறந்த பாத்திரத்தில் சோறு அரைவேக்காடாகவே நிற்கும். பருப்பு வேகவே வேகாது. குக்கர் இன்றிச் செல்வோர் பத்து நாள்களும் நூடுல்ஸை நம்பியிருக்க நேரிடும். சமைத்த உணவை வெளியே வைப்பதும் தவறு. சுரு, டிராஸ், ஜன்ஸ்கார் பகுதிகள் இமாலயப் பழுப்புக் கரடியின் வாழிடங்கள்; உணவைத் தேடி வீடுகளின் சமையலறைக்குள்ளேயே புகுந்துவிடுபவை அவை.

அனுமதி, எரிபொருள், தொலைபேசி

சொந்தப் பயன்பாட்டுக்காகப் பதிவு செய்யப்பட்ட கேம்பர் வேனை ஓட்டுவதற்குத் தனி உரிமம் தேவையில்லை. 7,500 கிலோவுக்கு உட்பட்டதாயின் இலகு ரக வாகன உரிமமே போதும். ஆனால், சாதாரண வேனை வாங்கி உள்ளே படுக்கையும் அடுப்பும் பொருத்திக்கொள்வோர், மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவின்படி அந்த மாற்றத்துக்குப் போக்குவரத்து அலுவலகத்தின் ஒப்புதல் பெற்றுப் பதிவுச் சான்றிதழில் அதைக் குறிப்பிடச் செய்ய வேண்டும். அவ்வாறு செய்யாத வாகனம் விபத்தில் சிக்கினால் காப்பீட்டு இழப்பீடு கிடைப்பது கடினம்.

வாடகை வேனில் செல்வோர் கூடுதல் எச்சரிக்கையுடன் இருக்க வேண்டும். வெளிமாநில வாடகை வாகனங்கள் லடாக்கில் சுற்றுலாப் பயணிகளை ஏற்றிச் செல்வதற்கு உள்ளூர் டாக்சி சங்கங்கள் நீண்டகாலமாக எதிர்ப்புத் தெரிவித்து வருகின்றன. வாகனம் எந்தப் பகுதி வரை அனுமதிக்கப்படும் என்பதை எழுத்துப்பூர்வமாகப் பெற்ற பிறகே முன்பணம் செலுத்துவது நல்லது.

பிற மாநிலங்களில் வாங்கிய ப்ரீபெய்ட் சிம் கார்டுகள் ஜம்மு - காஷ்மீர், லடாக் ஆகிய இரு யூனியன் பிரதேசங்களிலும் செயல்படுவதில்லை; போஸ்ட்பெய்ட் இணைப்பு வேண்டும். அதுவும் ரங்தும் முதல் பென்சி லா வரையிலும், ஷின்கு லாவின் இருபுறங்களிலும் கிடைக்கும் என்று நம்பியிருக்க முடியாது. வரைபடங்களை முன்கூட்டியே தரவிறக்கிக்கொள்வதும், அடுத்து எந்த ஊரில் இருந்து அழைப்போம் என்பதை வீட்டாரிடம் சொல்லிவைப்பதும் வீண்பதற்றத்தைத் தவிர்க்கும். கார்கிலிலும் பதுமிலும் எரிபொருளை முழுமையாக நிரப்பிக்கொள்ள வேண்டும். பதுமுக்குப் பின் நம்பத்தக்க நிலையம், ஷின்கு லாவுக்கு அப்பால் கீலாங்கை ஒட்டிய தாண்டியில் உள்ளது.

தண்ணீர் யாருடையது?

மலைப்பயணக் குறிப்புகள் பெரும்பாலும் தொடாமல் விடும் செய்தி ஒன்று உண்டு. பதும் அருகேயுள்ள கூமிக், ஜன்ஸ்காரின் பழமையான ஊர்களில் ஒன்று. அதன் வயல்களுக்கு நீர் தந்த மலைப்பனி ஆண்டுக்கு ஆண்டு குறைந்து ஓடை வற்றியதால், அவ்வூர் மக்கள் தங்கள் முன்னோரின் வீடுகளை விட்டுக் கீழேயுள்ள ஆற்றங்கரை நிலத்துக்கு இடம்பெயர முடிவெடுத்தனர். மழை மிகக் குறைவான இந்த மலைப்பாலைவனத்தில் வேளாண்மை என்பது முழுக்க முழுக்கப் பனி உருகும் நீரை நம்பியது.

உலகளாவிய வெப்ப உயர்வுடன், கரித்துகளும் பனியை உருக்குகிறது. டீசல் வாகனங்கள், அடுப்புகள், வயல் எரிப்பு ஆகியவற்றில் இருந்து கிளம்பும் கரித்துகள் வெண்பனியின் மீது படியும்போது அது வெயிலைத் திருப்பி அனுப்பாமல் உறிஞ்சிக்கொள்கிறது. மணாலிக்கு மேலேயுள்ள ரோத்தங் கணவாய்க்கு நாளொன்றுக்கு 800 பெட்ரோல், 400 டீசல் என 1,200 வாகனங்களை மட்டுமே அனுமதிக்குமாறு தேசிய பசுமைத் தீர்ப்பாயம் வரம்பு விதித்ததற்கு வாகனப் புகையும் ஒரு காரணம். பென்சி லாவுக்கோ ஷின்கு லாவுக்கோ அத்தகைய வரம்பு விதிக்கப்படவில்லை. நின்ற இடத்தில் எஞ்சினை ஓடவிட்டுக் குளிர்காயும் வழக்கத்தையாவது பயணிகள் கைவிடலாம்.

கேம்பர் வேனின் கழிவறைத் தொட்டி இதனினும் நேரடியான சிக்கல். அதைக் காலி செய்வதற்கான நிலையங்கள் இந்த வழியில் இல்லை. இரவில் ஓடையோரமாகத் திறந்துவிடுவோரும் உண்டு. அந்த ஓடைதான் அடுத்த ஊரின் குடிநீர். லடாக்கின் மரபான உலர் கழிவறைகளில் தண்ணீருக்கு வேலையே இல்லை. மண்ணும் சாம்பலும் தூவி, மட்கியபின் வயலுக்கு எருவாக்குகின்றனர். வேனிலும் வேதிப்பொருள் தொட்டிக்குப் பதிலாக உலர் வகைக் கழிவறையைப் பொருத்துவது இச்சாலைக்கு ஏற்றது.

உணவையும் படுக்கையையும் தானே கொண்டுவரும் பயணியால் ஊருக்குக் கிடைக்கும் வருவாய் மிகக் குறைவு. அவர் விட்டுச்செல்லும் குப்பையோ விடுதியில் தங்குபவருடையதற்குக் குறைந்ததன்று. சுருவிலும் ஜன்ஸ்காரிலும் வீடுகளிலேயே பயணிகளைத் தங்கவைப்போர் பலர் உள்ளனர். அவர்களது முற்றத்தில் கேட்டு நிறுத்தி, கட்டணம் செலுத்தி, ஒருவேளை உணவையாவது அங்கே உண்பது இருதரப்புக்கும் நன்மை. சாலையோரத்தில் காலியாகத் தெரியும் புல்வெளிகள் யாருமற்ற நிலங்கள் அல்ல. யாக், ஆடுகளுக்கான ஊர்ப்பொது மேய்ச்சல் நிலங்கள். கார்கில், டிராஸ் பகுதிகளில் ராணுவ முகாம்களையும் பாலங்களையும் படமெடுப்பதும், அனுமதியின்றி ட்ரோன் பறக்கவிடுவதும் சட்டச் சிக்கலில் முடியும்.

எப்போது செல்லலாம்?

பென்சி லாவும் ஷின்கு லாவும் கனரக வேன்களுக்கு ஏற்றவையாக இருப்பது பொதுவாக ஜூன் பிற்பகுதி முதல் செப்டம்பர் இறுதி வரை மட்டுமே. ஜன்ஸ்கார் மழை மறைவுப் பகுதி என்பதால் ஜூலை, ஆகஸ்டிலும் அங்கே வானம் பெரும்பாலும் தெளிவாகவே இருக்கும், ஓடைகள்தான் பெருகியிருக்கும். சிக்கல் பயணத்தின் கடைசிக் கட்டத்தில் உள்ளது. தார்ச்சாவில் இறங்கி, கீலாங் கடந்து, 9.02 கிலோமீட்டர் நீளமுள்ள அடல் சுரங்கப்பாதைக்குள் நுழைபவர் மறுமுனையில் முற்றிலும் வேறொரு வானிலைக்குள் வெளிவருகிறார். அப்புறம் பருவமழை பொழியும் மலைச்சரிவு. 2023 ஜூலையில் பியாஸ் ஆற்றில் ஏற்பட்ட வெள்ளத்தில் குலு - மணாலி நெடுஞ்சாலை பல இடங்களில் அடித்துச் செல்லப்பட்டு, சுற்றுலாப் பயணிகள் பெரும் எண்ணிக்கையில் சிக்கிக்கொண்டனர்.

எனவே, செப்டம்பர் முதல் மூன்று வாரங்களே இந்த வழிக்கு மிகப் பொருத்தமானவை. மழை குறைந்திருக்கும், ஓடைகள் வடிந்திருக்கும், பார்லி அறுவடை நடந்துகொண்டிருக்கும். ஜூலை, ஆகஸ்டில் சென்றே ஆக வேண்டியவர்கள், சுரங்கப்பாதைக்குள் நுழையும் முன் சிஸ்ஸுவிலோ கீலாங்கிலோ ஓர் இரவு நிறுத்தி, குலு மாவட்டக் காவல்துறையின் காலை நேரச் சாலை அறிவிப்பைப் பார்த்த பின்னரே மணாலிக்கு இறங்க வேண்டும்.